ஒன்பது மார்க் குறைவு

இந்த ஜூன் மாதம் முதல் அட்மிஷன் வழிகாட்டி மேசையில் உட்காரப்போகிற உங்கள் மூன்று பேருக்கும் வேலையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரம் நிரப்புவது, சர்டிபிகேட் சரிபார்ப்பது, எதை எந்தத் தேதிக்குள் எங்கே கொடுப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த மேசைக்கு வருகிற எல்லோரும் கடைசியில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பார்கள். "கிடைக்குமா?"

அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பாகப் பதில் சொன்னேன். வேறு சின்னத் தப்புகளும் செய்திருக்கிறேன். ஆனால் இன்றும் மறக்க முடியாத தப்பு அது ஒன்றுதான். அதைத்தான் சொல்லப்போகிறேன். பயப்பட வேண்டாம், நல்லபடியாகத்தான் முடிந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு ஜூனியர் காலேஜில் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு மேசையைப் போட்டு என்னை உட்கார வைத்துவிடுவார்கள். இன்ஜினீயரிங்குக்கு அப்போது எங்கள் மாநிலத்தில் தனி நுழைவுத் தேர்வு இல்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து முந்நூறுக்கு எவ்வளவு என்று பார்த்து வரிசைப்படுத்துவார்கள். மேலே இருப்பவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் அடுத்தவர்களுக்கு. ஒவ்வொரு வருஷமும் எந்தப் பிரிவு எத்தனை மார்க்கோடு நின்றது என்று நானே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. பக்கத்துக் காலேஜ் ஆசிரியர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் மேசைக்கு வந்தவர்களில் ஒருவர் மைதீன் பிச்சை. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முழங்கை வரை சாயக்கறை படிந்த கைகளோடு, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கூட அவர் மகள் சபியா. என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள், தானாக வாயைத் திறக்கமாட்டாள்.

"டீச்சரம்மா, எம்மவ மார்க்கு இது. இன்ஜினீயர் சீட்டு கெடைக்குமா கெடைக்காதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும். எங்க ஏரியால ஆளுக்கு ஒண்ணு சொல்லுதான். அதெல்லாம் எனக்கு வேண்டாம்."

பின்னால் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மார்க்ஷீட்டைப் பார்த்தேன். மூன்றும் சேர்த்து இருநூற்று நாற்பத்து மூன்று. நோட்டைப் புரட்டினேன். பம்பாயில் போன வருஷம் கடைசியாகச் சேர்ந்தவனுக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு.

"கிடைக்காது" என்றேன். "ஒன்பது மார்க் குறைவு. ஒண்ணு ரெண்டுன்னா பாக்கலாம். ஒன்பது நடக்காது. பி.எஸ்ஸி. சேர்த்துடுங்கோ. செம்பூர்ல நல்ல காலேஜ் இருக்கு, இவ மார்க்குக்கு நிச்சயம் கிடைக்கும்."

சபியா மெதுவாக, "டீச்சர், இந்த வருஷம் மேத்ஸ் பேப்பர் ரொம்ப டஃப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"பேப்பர் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மைதீன் பிச்சை மார்க்ஷீட்டை மடிக்காமல் பத்திரமாக வாங்கிக்கொண்டார். "அப்ப சரி. டீச்சரம்மாவே சொல்லியாச்சு" என்று மகளிடம் சொன்னார். இருவரும் போனார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

மூன்று நாலு வாரம் கழித்து, ஜூலை மாதம் நல்ல மழை. காலை ஒன்பதேகால் மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன். கதவருகே சபியா வந்து நின்றாள். பின்னால் அவள் அப்பா, முழங்கால் வரை பேண்ட் நனைந்து. அவள் கையில் ஒரு கார்டு. வெளியே வந்து வாங்கிப் பார்த்தேன். இன்ஜினீயரிங் வெயிட்டிங் லிஸ்ட், எண் முப்பத்தேழு. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குத் தாதர் பக்கம் ஒரு ஹாலில் மிச்ச இடங்களைக் கொடுக்கப்போகிறார்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வர வேண்டும் என்றிருந்தது.

"நீ அப்ளை பண்ணினியா?"

"பண்ணினேன் டீச்சர்."

"நான்தான் சொன்னேனே?"

"கிடைக்காதுன்னு சொன்னீங்க டீச்சர். அப்ளை பண்ணாதேன்னு சொல்லல." குரலில் துடுக்கு எதுவும் இல்லை. பயந்துகொண்டே சொன்னாள். "கிளாஸ்ல எல்லார்கிட்டயும் மார்க் கேட்டேன். போன வருஷம் படிச்ச அக்காங்ககிட்டயும் கேட்டேன். இந்த வருஷம் ஃபர்ஸ்ட் வந்த பொண்ணுக்கே போன வருஷத்து ஃபர்ஸ்ட்ட விட பதினோரு மார்க் கம்மி. அதான் போட்டுப் பாத்தேன்."

பேப்பர் எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால்தான் எல்லோருடைய மார்க்கும் இறங்கியிருந்தது. அவள் அன்று சொல்ல வந்ததே அதுதான், அவள் சொல்ல வந்ததையே அவள் வாயை அடைக்க நான் பயன்படுத்தியிருந்தேன். அந்தப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நானே அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு ஐந்தாவது கேள்வியில் நெடுநேரம் மாட்டிக்கொண்டிருந்தேன். கணித ஆசிரியை நான். வரிசையில் இடம் எது என்று பார்க்க வேண்டியவள் மார்க்கைப் பார்த்தேன், அதுவும் போன வருஷத்து மார்க்கை.

மைதீன் பிச்சை விஷயத்துக்கு வந்தார். "லஃப்டா, சிக்கல் என்னன்னா டீச்சரம்மா, ஒரிஜினல் மார்க்ஷீட்டு, லீவிங் சர்டிபிகேட்டு ரெண்டும் செம்பூர்க் காலேஜ்ல கெடக்கு. காலைல எட்டு மணிக்கே போயிக் கேட்டாச்சு. கேன்சல் பண்ணினாத்தான் தருவோம்னு சொல்லுதாங்க. கேன்சல் பண்ணிட்டு அங்க போயி சீட்டு இல்லன்னு வச்சுக்கிடுங்க, இதுவும் போச்சு, அதுவும் போச்சு. செம்பூர்லயும் வெயிட்டிங்ல ஆளு நிக்குதாம். நீங்க சொல்லுங்க. பண்ணவா, வேண்டாமா?"

அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தச் சர்டிபிகேட்டுகள் அங்கே போய் மாட்டிக்கொண்டன. அவரோ மறுபடியும் என்னிடமே கேட்டுக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கேன்சல் பண்ணுங்கோ, கண்டிப்பா கிடைக்கும்" என்று சொல்ல என் வாய் துடித்தது. இதை மட்டும் நீங்கள் கவனமாகக் கேளுங்கள். முதல் தடவை அவசரத்தில் இல்லை என்றேன். இப்போது குற்ற உணர்ச்சியில் ஆமாம் என்று சொல்லப் பார்த்தேன். இரண்டுக்கும் அந்தப் பெண்ணின் எண்ணோடு சம்பந்தம் கிடையாது. எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு முன்னால் இருக்கிற முப்பத்தாறு பேரில் எத்தனை பேர் வருவார்கள் என்றும் தெரியாது. ஆபீஸுக்குப் போய் ஹாலுக்கு போன் போட்டுப் பார்த்தேன். மழையில் லைன் செத்துக் கிடந்தது.

போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். கேன்சல் செய்வதா வேண்டாமா என்று மூன்று பேரும் தலையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நாளைக்கு அந்த இரண்டு காகிதம். அதைக் கேட்டு வாங்க முடிந்தால், எதுவும் தெரியாமல் முடிவெடுக்கிற அவசியமே இல்லை.

வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்து, பிரின்சிபாலிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மூன்று பேரும் ஒரு டாக்ஸியில் செம்பூருக்குப் போனோம்.

அந்தக் காலேஜின் வைஸ் பிரின்சிபால் ஒரு மராத்திக்கார அம்மாள். ஓய்வு பெறுகிற வயது. இந்தியில்தான் பேசினோம். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு முடியாது என்றார்.

"இன்று ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள். எல்லோரும் இங்கே ஒரு காலை வைத்துக்கொண்டு வேறு எங்காவது ஓடுவார்கள். நான் வகுப்பு நடத்த வேண்டாமா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் மறுபடி கெஞ்சினேன். அவர் சபியாவின் பக்கம் திரும்பினார். "அங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறாய். அப்புறம் ஏன் ஒரிஜினலை இங்கே கொண்டுவந்து கொடுத்தாய்?"

சபியா தரையைப் பார்த்தாள். டீச்சர் கிடைக்காது என்று சொல்லிவிட்டார் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. மைதீன் பிச்சையும் சொல்லவில்லை. அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் காரணம்" என்றேன். "அங்கே கிடைக்காது, இங்கே சேர்ந்துவிடு என்று நான்தான் சொன்னேன். போன வருஷத்து மார்க்கோடு ஒப்பிட்டுவிட்டேன். இந்த வருஷம் பேப்பர் கஷ்டம். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்?"

"இரண்டு நிமிஷம்."

அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்கள். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அந்த இரண்டு சர்டிபிகேட்டும் இந்த மேசைக்குத் திரும்பி வரும், இல்லாவிட்டால் கேன்சல் மனு வரும். உங்கள் பெயர், உங்கள் காலேஜ், உங்கள் கையெழுத்து. இரண்டும் வராவிட்டால் உங்கள் பிரின்சிபாலுக்குக் கடிதம் போகும்."

எழுதிக் கொடுத்தேன். அவர் கிளார்க்கைக் கூப்பிட்டு ஃபைலை எடுத்து வரச் சொன்னார்.

மைதீன் பிச்சை அவர் பட்டறையில் தைத்த ஒரு தோல் பையைக் கொண்டுவந்திருந்தார். சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தப் பைக்குள் வைத்து மார்போடு பிடித்துக்கொண்டார். டாக்ஸி சயான் வரைதான் வந்தது. முன்னால் தண்ணீர் தேங்கி வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. இறங்கி முழங்கால் தண்ணீரில் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிளாட்பாரத்தில் லோக்கல் வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒன்று வந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனது. சபியா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஹாலுக்குள் நுழையும்போது மணி ஒன்று. மைக்கில் முப்பத்தொன்று என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சபியாவின் எண் இன்னும் வரவில்லை.

மேடையில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே மிச்சமிருக்கிற இடங்களைச் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். ஒருவர் இடத்தை எடுத்ததும் ஒரு பியூன் அந்த எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதினார். எலக்ட்ரிகல் ஒன்று, புரொடக்‌ஷன் ஒன்று, சிவில் இரண்டு. மற்றதெல்லாம் பூஜ்யம்.

மைதீன் பிச்சை என் பக்கம் குனிந்தார். "கெடைக்குமா டீச்சரம்மா?"

"தெரியல" என்றேன். அந்த மேசையில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது. "நாலு சீட் பாக்கி இருக்கு. நமக்கு முன்னால ஆறு பேர். அதுல மூணு பேராவது வராம இருக்கணும், இல்ல வந்து வேண்டாம்னு சொல்லணும். அப்படின்னா கிடைக்கும்."

அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். "அப்ப எண்ணுவோம்" என்று இடது கையை விரித்து வைத்துக்கொண்டார்.

முப்பத்தொன்று மேடைக்குப் போய் எலக்ட்ரிகலை எடுத்துக்கொண்டான். சபியா கேட்டிருந்த பிரிவு அதுதான். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. முப்பத்திரண்டை மூன்று தரம் கூப்பிட்டார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. மைதீன் பிச்சை ஒரு விரலை மடக்கினார். முப்பத்துமூன்றும் வரவில்லை. அவனுக்கு மெடிக்கல் கிடைத்துவிட்டது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இரண்டாவது விரல். முப்பத்துநாலு வந்தது, புரொடக்‌ஷன் போனது. முப்பத்தைந்து அப்பாவோடு மேடைக்குப் போய், பலகையைப் பார்த்து, அப்பாவோடு முணுமுணுத்து, கடைசியில் சிவிலை எடுத்துக்கொண்டது. பலகையில் மொத்தமாக ஒரே ஒரு இடம்.

"முப்பத்தாறு."

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மைதீன் பிச்சையின் மூன்றாவது விரல் பாதி மடங்கி நின்றது. மூன்றாவது தடவை கூப்பிட வாயெடுக்கும்போது வாசலிலிருந்து ஒரு பையன் "ஆயா, ஆயா", வந்துவிட்டேன் என்று இந்தியில் கத்திக்கொண்டு ஓடி வந்தான். சபியா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் மேடையில் ஏறிப் பலகையைப் பார்த்தான். மெக்கானிகல் இல்லையா என்று கேட்டான். இல்லை, சிவில் மட்டும்தான் என்றார் அதிகாரி. அவன் தலையைச் சொறிந்தான். தனக்கு நாக்பூரில் மெக்கானிகல் கிடைத்திருக்கிறது, பம்பாயிலேயே கிடைக்குமா என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னான். பிறகு, "நஹி சாஹியே", வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே இறங்கிப் போனான்.

மூன்று பேரும் மேடைக்கு ஓடினோம்.

அதிகாரி சர்டிபிகேட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "சிவில் ஒன்றுதான் இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா? இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள்."

மைதீன் பிச்சை தயங்கினார். "சிவிலுன்னா கட்டடம் கட்டுதது, ரோடு போடுததுதான? பொம்பளப் புள்ள வெயில்ல போயி நிக்கணுமே. டீச்சரம்மா, எடுக்கலாமா?"

மறுபடியும் இரண்டு நிமிஷம். மறுபடியும் நான். தெரிந்ததை மட்டும் சொன்னேன். "கட்டடம் மட்டும் இல்ல. தண்ணிக் குழாய், சாக்கடை, பாலம், ரயில் பாதை எல்லாம் அதுலதான் வரும். வெயில்ல நிக்க வேண்டி வரும், அது நிஜம். ஆபீஸ்ல உக்காந்து பிளான் போடற வேலையும் உண்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். படிக்கப்போறது அவ. அவளைக் கேளுங்கோ."

அவர் மகளைப் பார்த்தார்.

"எனக்கு ஓகே வாப்பா" என்றாள் சபியா. "இப்ப சயான்ல தண்ணிக்குள்ள நடந்தோம்லா. அதச் சரி பண்ற படிப்புதான அது."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்ப எடு" என்றார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பியூன் பலகையிலிருந்த கடைசி எண்ணையும் அழித்தார். எங்களுக்குப் பின்னால் முப்பத்தெட்டு ஏற்கனவே எழுந்து நின்றிருந்தது. ஒரு பையனும் அவன் அம்மாவும். அவர்கள் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

எதிரே ஒரு இரானி ஓட்டலில் உட்கார்ந்தோம். காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சபியா வெண்ணெய் தடவிய இரண்டு பன் மஸ்காவை மளமளவென்று சாப்பிட்டு முடித்தாள். மைதீன் பிச்சை டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார்.

"ஒண்ணு சொல்லுதேன் டீச்சரம்மா, தப்பா நெனைக்காதிய. அன்னிக்கு நீங்க கெடைக்காதுன்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. இவ அம்புட்டு தூரம் படிச்சா நம்மகிட்ட பேச இவளுக்கு என்ன இருக்கப்போவுதுன்னு ஒரு பயம். அதான் நீங்க சொன்னத ஏக்தம் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

"இப்போ?"

"இப்ப அதவிட நிம்மதியா இருக்கு. ஏன்னு கேக்காதிய, தெரியல."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சபியா மூன்றாவது பன் கேட்டாள்.

அவள் நாலு வருஷத்தில் படித்து முடித்தாள். அதன் பிறகு குடிநீர்க் குழாய் திட்டமிடுகிற வேலைக்குப் போனாள். வெயிலில் நின்றுதான் வேலை பார்த்தாள். நான் என் நோட்டைத் தூக்கிப் போடவில்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து அதைத் திறப்பதற்கு முன்னால் வந்த பிள்ளையிடம், உன் கூடப் படித்தவர்களுக்கு எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தேன். இல்லை என்று சொல்வதாக இருந்தால், விண்ணப்பத்தை மட்டும் போட்டுவிடு என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சபியா சீட் எடுத்த மறுநாள் காலை கேன்சல் மனுவை எடுத்துக்கொண்டு செம்பூருக்கு நானே போனேன். வைஸ் பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு, நான் எழுதிக் கொடுத்த தாளை டிராயரிலிருந்து எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எந்தப் பிரிவு?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லது" என்றார். பிறகு கிளார்க்கிடம் திரும்பி, "ஒரு இடம் காலியாகிவிட்டது. வெயிட்டிங்கில் முதல் பெயருக்குக் கார்டு போடு" என்றார்.

கிளார்க் ரிஜிஸ்டரைத் திறந்தார். எதிரில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர். திலக் நகர் விலாசம்.

"கார்டு இந்த மழையில் எப்போது போய்ச் சேருமோ?" என்றேன். "விலாசம் கொடுத்தால் போகிற வழியில் நான் சொல்லிவிட்டுப் போகிறேன்."

அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். பெயரை இரண்டு தடவை படித்தேன். பக்கத்தில் இருந்த எண்ணையும், காலியான இடம் அதே வகுப்பில்தானா என்பதையும் சரிபார்த்தேன். அப்புறம்தான் குடையை எடுத்தேன்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணின் தோளில் நாலைந்து ஈரத்துணிகள். யார் வேண்டும் என்று கேட்டாள். அவள் பெயரைச் சொல்லி, நீதானா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"உனக்கு செம்பூர்க் காலேஜ்ல பி.எஸ்ஸி. சீட் கிடைச்சிருக்கு. இன்னிக்கே போய்ச் சேர்ந்துடு."

துணிகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "அங்க எடம் இல்லன்னு சொன்னாங்களே ஆன்ட்டி. பக்காவா சொல்றீங்களா?"

"பக்கா" என்றேன். "என் கண்ணால பாத்துட்டுதான் வரேன்."